தவளம் போன வழியில் ஒரு நடை

கண்டிக்குப் போகாத முஸ்லிம் குடும்பம் இலங்கையில் அநேகமாக இருக்காது. பள்ளிக்கூட விடுமுறை விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேனில் கிளம்பிவிடுவோம். வாவியைச் சுற்றி வருவோம். பேராதனைப் பூங்காவில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலை அவிழ்ப்போம். மீரா மக்காம் பள்ளியில் ஆண்கள் தொழுதுவிட்டு வரும்வரை புடைவைக் கடைகளில் ஏறி இறங்குவோம். அந்தி சாயுமுன் வீடு திரும்பிவிடுவோம். நகருக்குத் தெற்கே, பெரியாஸ்பத்திரிக்கு மேலே சாய்ந்து கிடக்கும் ஹந்தானை மலையை எல்லோரும் பார்த்திருப்போம். அதன்மேல் கால் வைத்து நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த மலையிலிருந்துதான் ஒரு நெடும் பாதை புறப்படுகிறது. வரைபடம் போட்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, அடையாளப் பலகை நாட்டி அமைக்கப்பட்ட இலங்கையின் முதலாவது நெடுந்தூர நடைப் பாதை இது. 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். 22 கட்டங்கள். கண்டியில் தொடங்கி, தோட்டம் தோட்டமாக மலைநாட்டை வளைத்துச் சுற்றி, நுவரெலியாவுக்கு அருகே பீட்ரு தோட்டத்தில் முடிகிறது. பெயர் பீக்கோ ட்ரெயில்.

பீக்கோ என்ற சொல் நமது அடுக்களைக்குப் புதியதல்ல. தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி. என்று அச்சிட்டிருக்கிறதல்லவா? அந்தக் கடைசிப் ‘பி’தான் பீக்கோ. தேயிலையின் இளங்குருத்தில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும் பூனைமயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். தினமும் காலையில் சாயம் ஊற்றும் நமக்கு, அந்தச் சாயம் எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்பதைக் காலால் நடந்து அறிய இந்தப் பாதை ஒரு வாய்ப்பு.

பாதைக்கு முந்திய பாதை

இலங்கையில் பல காலம் வாழ்ந்துவரும் மிகேல் குனாட் என்ற ஸ்பெயின் நாட்டவரின் எண்ணத்தில் உருவானது இத்திட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனமும் பொருளுதவி செய்தன. 2023இல் இது வெளியுலகுக்கு நன்கு அறிமுகமாயிற்று. இவ்வளவும் அண்மைக்காலக் கதை. ஆனால் பாதை அதற்கு மிகமிக மூத்தது. புதிதாக எவரும் மலையைக் குடைந்து இதை வெட்டவில்லை. தேயிலைத் தோட்டங்களின் பழைய வண்டிப் பாதைகள், கொழுந்து சுமந்த ஒற்றையடித் தடங்கள், ஊருக்கும் சந்தைக்கும் இடையே இருந்த குறுக்கு வழிகள் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டதுதான் புதிய வேலை.

அந்தப் பழைய வழிகளில் நமக்கும் ஒரு பங்குண்டு. கண்டி இராச்சியம் இருந்த காலத்தில் மலைநாட்டுக்கு வண்டிப் பாதை இல்லை. உப்பும் கருவாடும் துணியும் கரையோரத்திலிருந்து மேலே வரவேண்டும். பாக்கும் மிளகும் கீழே இறங்கவேண்டும். மாடுகளின் முதுகில் பொதியேற்றி வரிசையாக ஓட்டிச் செல்வார்கள். அந்த மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர். தவளம் ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள். அரசனின் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே பத்த’ என்ற பகுதியில் நம்முடைய முன்னோர்கள் ஊழியம் புரிந்திருக்கிறார்கள். போர்த்துக்கேயரால் 1626இல் கரையோரத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். அடைக்கலம் பெற்ற சமூகம் அந்த நாட்டுக்கு உப்புச் சுமந்து நன்றி செலுத்தியது என்றால் மிகையாகாது.

பீக்கோ ட்ரெயிலின் மூன்றாம் கட்டம் முடியும் ஊரின் பெயரைக் கவனியுங்கள். தவலந்தென்ன. சிங்களத்தில் ‘தென்ன’ என்றால் மலைநடுவே உள்ள மேட்டுச் சமவெளி. தவளம் தங்கிய மேட்டுநிலம் என்பதே அந்தப் பெயரின் பொருள். மாட்டைக் கட்டி, பொதி இறக்கி, கல்லடுப்பு மூட்டிச் சோறு பொங்கிய நமது பாட்டனாரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் தங்கிய இடத்தின் பெயரை மட்டும் மண் மறக்காமல் வைத்திருக்கிறது.

நடந்தே வந்தவர்கள்

தவளக்காரருக்குப் பிறகு இம்மலைகளில் நடந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள். வெள்ளையர்கள் 1820களில் கோப்பித் தோட்டம் போட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். இராமேஸ்வரம் பக்கமிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைகள், வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியில் கொண்டுபோனவர்களுக்குக் கணக்கில்லை. எத்தனையோ பேருக்குக் கபுறு தோண்டவோ சிதை மூட்டவோகூட ஆளில்லை.

1869இல் கோப்பிச் செடியில் இலை நோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தி, 1867இல், கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி செத்த இடத்தில் தேயிலை எழுந்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவேதான் குடும்பத்தோடு, பெண் பிள்ளைகளோடு, ஆட்களை அழைத்து வந்து லயங்களில் குடியமர்த்தினார்கள். இலங்கைத் தேயிலையின் சரித்திரத்தைப் பெண்ணின் விரல் நுனியை விட்டுவிட்டு எழுத முடியாது.

டெய்லர் 1892இல் அத்தோட்டத்திலேயே இறந்தார். அவரது உடலைத் தொழிலாளர் 24 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, தோள் மாற்றித் தோள் மாற்றிக் கண்டி மகையாவை மயானம்வரை நடந்தே சுமந்து வந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. துரைக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயரும் இருக்கிறது. சுமந்து வந்த 24 பேருக்கும் பாதை மட்டுமே நினைவுச் சின்னம்.

2023ஆம் ஆண்டில் இன்னொரு நடையும் நிகழ்ந்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை நினைவுகூர, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் நடுப்பகுதியில் மாத்தளைவரை நடந்து வந்தார்கள். பாட்டன் பூட்டன் நடந்த வழியைப் பேரப்பிள்ளைகள் நடந்து காட்டினார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் அது. இன்னும் சொந்தமாக ஒரு துண்டுக் காணிக்காகவும், லயமல்லாத ஒரு வீட்டுக்காகவும் கேட்டு நிற்கிறது. அதே ஆண்டில் அதே மலைகளில் உல்லாசப் பயணிகளுக்காக ஒரு பாதையின் பெயர் உலகெங்கும் பரவியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பீக்கோ ட்ரெயிலின் முழு உருவமும் புலப்படும்.

முதற் கட்டம்: ஹந்தானையிலிருந்து கலஹா

ஒரு பெப்ரவரிக் காலையில் பெண்கள் ஐந்து பேர், ஆண்கள் இரண்டு பேர், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று என நாங்கள் எட்டுப் பேர் முதற் கட்டத்தை நடந்தோம். கண்டியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் மேலே தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலை ஸ்டோர் அது. 2001இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கொழுந்தை உருட்டிய பெரிய பெரிய இயந்திரங்களும், ஜேம்ஸ் டெய்லர் பாவித்த பொருட்களும் உள்ளே இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம்.

அங்கிருந்து நடை. முதலில் கால் வலிக்கவில்லை, மூச்சுத்தான் வாங்கியது. கைவிடப்பட்ட தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடக்கும் சரிவுகள், பைன் தோப்புகள், மானாப்புல் மேடுகள். ஹந்தானைத் தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. கீழே மகாவலியைத் தழுவிய கண்டி நகரம் கைப்பிடிக்குள் அடங்குவதுபோல் தெரிந்தது. தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர். பஸ் ஹோர்ன் சத்தம் மெல்லமெல்லத் தேய்ந்து, காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பாதை பின்னர் தோட்டங்களுக்குள் இறங்குகிறது. அங்கேதான் மனம் கொஞ்சம் கூசியது. ஏனென்றால் வழி பல இடங்களில் லயங்களின் வாசலையே ஒட்டிச் செல்கிறது. ஒருத்தி பிள்ளைக்குத் தலை வாருகிறாள். ஒரு கிழவி பிலா இலையில் கஞ்சி குடிக்கிறாள். கொடியில் ஈரத்துணி தொங்குகிறது. நமக்கு அது ‘ட்ரெயில்’. அவர்களுக்கு அது வீட்டு முற்றம். பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்கப் பழக்கப்பட்ட நாம், படம் பிடிக்கும் கையை அங்கே கீழே இறக்கத்தான் வேண்டும்.

மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டிலில், கூடையை இறக்கிவிட்டு நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிறார்களா என்று கேட்டேன்.

“வருவாங்க டீச்சர். கும்பிட்டுட்டுப் போவாங்க. முந்தி ஆராவது வழி தப்பி வந்தா எங்ககிட்டத்தான் கேப்பாங்க. இப்ப போனைப் பாத்துக்கிட்டே போயிடுறாங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இந்தப் பாதையில எங்க அப்பாயி கொழுந்து சொமந்தாங்க. கான் வெட்டுனது எங்க தாத்தா. மழைக்கு மண்ணு விழுந்தா இன்னைக்கும் எங்க ஆளுகதான் அள்ளிப் போடணும்” என்றும் சொன்னார்.

நான் டீச்சர் அல்ல. எனினும் அன்று பாடம் படித்தவள் நான்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த அம்மாவின் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து கலஹா கடைத்தெருவில் இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. சுடச்சுடத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் கிடைத்தன. அங்கிருந்து கண்டிக்குப் பஸ் உண்டு. மேலும் நடப்பவர்களுக்கு இரண்டாம் கட்டம் லூல்கந்துரவுக்குப் போகிறது. நம் மக்கள் செறிந்து வாழும் தெல்தோட்டையும் அந்தப் பக்கந்தான். டெய்லர் குடியிருந்த குடிசையின் எச்சமும், அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லாசனமும் லூல்கந்துரவில் இருக்கின்றன. அதன்பின் தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று பாதை மேலேறுகிறது. ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று ஊவாப் பக்கம் வளைந்து, கந்தப்பளை வழியாகப் பீட்ருவில் முடிகிறது.

பாதையைப் பேணுவது

வீட்டு முற்றத்தை ஒருநாள் கூட்டிவிட்டால் போதுமா? மறுநாள் இலை விழும். பாதையும் அப்படித்தான். போடுவது ஒருமுறை, பேணுவது காலமெல்லாம். நெடுந்தூர நடைப் பாதையை நடத்துவதென்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

முதலாவது பகை தண்ணீர். சரிவில் ஓடும் மழைநீர் பாதையை வாய்க்காலாக்கி அரித்துவிடும். நீரைக் குறுக்கே வெட்டி இறக்கிவிடக் கான் வேண்டும். கான் இலை மண்ணால் அடைபடும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஆள் போய்த் துப்புரவு செய்யவேண்டும். இரண்டாவது பகை புல். மானாப்புல்லும் கினிப்புல்லும் இரண்டு மாதத்தில் ஆளுயரம் வளர்ந்து தடத்தை மூடிவிடும். மூன்றாவது, அடையாளப் பலகை. வெயிலில் நிறம் மங்கும், மாடு உராயும், காற்றில் சாயும். ஒரு சந்தியில் ஒரு பலகை இல்லாவிட்டால், மூடுபனி இறங்கும் நேரத்தில் ஒருவர் பள்ளத்தாக்கின் தவறான பக்கத்தில் நிற்பார்.

அடுத்தது அனுமதி. பாதை ஓடும் நிலம் ஒருவருக்கு உரியதல்ல. அரசாங்கத் தோட்டம், கம்பனித் தோட்டம், சிறு தோட்டக்காரரின் காணி, காட்டு இலாகாவின் காடு என்று மாறிமாறி வரும். ஒருவர் மனம் மாறி வேலியடைத்தால் சங்கிலியின் ஒரு வளையம் அறுந்துவிடும். மருந்தடிக்கும் நாளில் அந்த மலைக்குள் நடப்பவரை விடமுடியாது. கவ்வாத்து வெட்டும் நாளிலும் அப்படித்தான். ஆகவே தோட்ட நிர்வாகத்தோடு எந்நேரமும் பேச்சுவார்த்தை வேண்டும்.

பிறகு ஆபத்துகள். தோட்டத்தில் குளவிக் கொட்டுக்கு ஆளாகித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படும் செய்தியைப் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். உயிரே போனதும் உண்டு. கூடு எங்கே கட்டியிருக்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். மண்சரிவு எங்கே வரும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வானத்திலிருந்து பார்க்கும் வரைபடத்துக்கு இவை தெரியா.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை மறக்க முடியுமா? 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை விழுங்கின. மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் துண்டு துண்டாயின. பெரிய வீதிக்கே அந்தக் கதி என்றால் ஒற்றையடிப் பாதையின் நிலை என்ன? அதுவுமல்லாமல், இப்பாதைக்கு உதவிய யு.எஸ்.எயிட் நிறுவனமே 2025இல் மூடப்பட்டுவிட்டது. வெளியார் பணத்தில் தொடங்கிய எதுவும் வெளியார் போனபின் யார் கையில் நிற்கும் என்ற கேள்விக்கு விடை சொல்லியாகவேண்டும்.

பிற நாட்டுப் பெண்கள் செய்தது

தென் கொரியாவில் ஜேஜு என்றொரு தீவு. அங்கே பிறந்த சோ மியங்-சுக் என்ற பத்திரிகையாளர், தலைநகரில் பல்லாண்டு உழைத்துக் களைத்து வேலையை விட்டார். ஸ்பெயினின் பழைய யாத்திரைப் பாதையில் தனியாக நடந்தார். ஊர் திரும்பி 2007இல் தமது தீவின் பழைய சந்துகளை இணைத்து ஒரு நடைப் பாதை தொடங்கினார். ‘ஓல்லே’ என்று பெயர். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் சிறு சந்துக்கு அத்தீவு மக்கள் சொல்லும் சொல் அது. இன்று தீவையே சுற்றி 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஊர்ப் பாட்டிமார் தங்கள் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள்; ஊர்ச் சந்தையில் நடப்பவர்களின் காசு புழங்குகிறது. ஒரு பெண் வாசலிலிருந்து தொடங்கிய காரியம் அது.

பலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ‘மஸார் இப்ராஹீம் அல்-கலீல்’ என்ற நடைப் பாதை இருக்கிறது. ஜெனின் பக்கத்திலிருந்து ஹெப்ரோனுக்குத் தெற்கேவரை கிராமம் கிராமமாகச் செல்கிறது. விருந்தோம்பலுக்குப் பேர்போன இப்ராஹீம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரைத் தாங்கிய பாதை அல்லவா? வழிநெடுகக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே நடப்பவருக்கு உணவும் பாயும் கொடுத்து உபசரித்தன. சமைப்பதும் உபசரிப்பதும் பெண்கள். அதனால் வரும் வருமானத்தில் அவர்களுக்கும் கை இருந்தது. 2023 ஒக்டோபரில் மூண்ட போரும் அதன் பின்வந்த கொடுமைகளும் அந்த நடையை முடக்கிவிட்டன. பாதை வாழ அமைதியும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். நடப்பவரின் காசு பெரிய ஹோட்டலுக்கு மட்டும் போகவில்லை. வழியில் உள்ள அடுக்களைக்குப் போயிற்று. அதனால் ஊரார் பாதையைத் தம்முடையதாக நினைத்தார்கள். தம்முடையதென்று நினைப்பதை யாரும் பாழாக விடமாட்டார்கள்.

நமது மலையில் நிலைமை என்ன? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர 2021வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பயணி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் தொகை பல சமயம் அதைவிட அதிகம். லயத்து வீட்டில் ரொட்டி சுட்டுக் கொடுக்க ஒரு பெண்ணுக்கு வசதி செய்து கொடுத்தால், வழிகாட்டியாக ஒரு தோட்டத்து இளைஞனுக்கு, ஏன், ஒரு யுவதிக்குப் பயிற்சி கொடுத்தால், கான் துப்புரவு செய்பவருக்கு அதற்கென்று கூலி கொடுத்தால், பாதையைக் காக்க வெளிநாட்டு நிதியை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. காக்கும் கை அங்கேயே இருக்கிறது. அதற்குரிய கூலி மட்டும் போய்ச் சேரவேண்டும்.

நீங்கள் போவதானால்

இத்தனை சொன்ன பின், ‘நாமும் போகலாமா?’ என்று கேட்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்.

முழுப் பாதையையும் நடக்க மூன்று வாரமாவது வேண்டும். அது எல்லோராலும் ஆகாது, ஆகவும் தேவையில்லை. முதற் கட்டத்தை மட்டும், அல்லது அதில் பாதியை மட்டும் நடந்தாலே போதும். கண்டிப் பக்கத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஆனாலும் மார்ச் கடைசியிலிருந்து பிற்பகலில் இடிமழை வரும். சுபஹ் தொழுததும் புறப்பட்டு, மழைக்கும் பனிமூட்டத்துக்கும் முந்தி இறங்கிவிடுவது உத்தமம். பாதை திறந்திருக்கிறதா, சரிவு எங்காவது உண்டா, கட்டணம் அனுமதி எப்படி என்பதையெல்லாம் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

தனியே போகவேண்டாம். குடும்பமாக அல்லது பெண்கள் குழுவாக, ஊர் வழிகாட்டி ஒருவரோடு போங்கள். வழிகாட்டியைத் தோட்டத்துப் பக்கத்திலேயே தேடிக்கொள்வது நல்லது. அவருக்குக் குளவிக் கூடும் தெரியும், குறுக்கு வழியும் தெரியும். வாசனைத் திரவியம் பூசவேண்டாம், கூட்டுக்கருகே சத்தமிடவேண்டாம்.

அபாயா தரையில் இழுபடாத நீளத்தில் இருக்கட்டும். உள்ளே தளர்ந்த காற்சட்டையும், வழுக்காத சப்பாத்தும், நீளக் காலுறையும் அவசியம். ஈரமான இடத்தில் அட்டை ஏறும், பயப்படவேண்டாம். காலுறைமேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் கிட்ட வராது. ஏறிவிட்டால் உப்போ தேசிக்காய்ப் புளியோ பட்டதும் விழுந்துவிடும்.

கண்டியிலிருந்து கலஹாவுக்கு நடப்பது கஸ்ர் செய்யும் தூரமல்ல. ஆகவே லுஹரை எங்கே தொழுவது என்று முன்கூட்டியே நினைத்து வையுங்கள். உளூவுக்கென்று ஒரு போத்தல் தண்ணீரும் மெல்லிய முஸல்லா ஒன்றும் பையில் இருந்தால் மலையே பள்ளிவாசல். வழியில் பெண்களுக்குக் கழிப்பறை வசதி எல்லா இடத்திலும் இல்லை. புறப்படும் இடத்திலும் இறங்கும் கடைத்தெருவிலும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்விஷயத்தைப் பாதை நடத்துவோர் முதலில் கவனித்தால் பெண்கள் இன்னும் துணிந்து வருவார்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகும் நம் வழக்கம் நல்ல வழக்கந்தான். ஆனால் ஒரு நேரத் தேநீரையாவது, நான்கு ரொட்டியையாவது அங்குள்ள சிறு கடையில் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு எறிவதும், காசு நீட்டுவதும் வேண்டாம். அது கொடையல்ல, அவமதிப்பு. கேட்காமல் எந்தப் பெண்ணையும் படம் பிடிக்கவேண்டாம். நம்மை யாராவது அப்படிப் பிடித்தால் நாம் பொறுப்போமா?

நடையும் நன்றியும்

பெண்ணுக்கு நடை எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அவர்களுக்குப் பணிவாக ஒன்றை நினைவூட்டலாம். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் ஆணும் பெண்ணும் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை நடப்பது யாருடைய அடிச்சுவட்டில்? பாலைவனத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையாரின் அடிச்சுவட்டில் அல்லவா? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட இக்காலத்தில் டாக்டர்கள் நடக்கச் சொல்லாத பெண்ணும் இல்லை. நடப்பதில் குறையில்லை. எப்படி நடக்கிறோம், யார் வாசல் வழியே நடக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. முள்ளை அகற்றுபவருக்கே நன்மை உண்டென்றால், மழைக்கு மழை மண்ணை அள்ளி, கானைத் திறந்து, புல்லை வெட்டி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மலைநாட்டின் வழியையே திறந்து வைத்திருப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எவ்வளவு? அவர்களுக்கு வழிபாடு வேறு, மொழி நம்முடையதே. தவளம் ஓட்டிய நம் பாட்டன் தங்கிய மேட்டைக் கடந்துதான் அவர்களது பாட்டி கொழுந்து சுமந்தாள்.

அடுத்த விடுமுறையில் கண்டிக்குப் போகும்போது புடைவைக் கடைக்கு ஒரு மணி நேரத்தைக் குறைத்து, ஹந்தானைக்கு அரை நாளை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தேயிலை எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்டால் பெட்டியைக் காட்டாமல் பாதையைக் காட்டுங்கள். அதைப் பேணுகிறவர்களைக் காட்டி ஸலாமத்தாக இருக்கட்டும் என்று துஆச் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் கடையில் தேநீர் குடித்துவிட்டுக் காசைக் கையில் கொடுக்கும்போது, அதை உதவி என்று எண்ணவேண்டாம். வழிக்கூலி என்று எண்ணிக் கொடுங்கள்.